மெசின் மணம்

தண்ணீர் மாதிரியை இனி யாரும் மூக்கால் மணந்து பார்க்கக் கூடாது என்று எங்கள் திணைக்களத்தில் புதிய நடைமுறை வந்திருக்கிறதாம். கையடக்கமான ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். கிணற்று வாய்க்குள் பிடித்தால் எண்ணெய் ஆவி இருக்கிறதா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். இதை எனக்குச் சொன்ன இளம் உத்தியோகத்தர், நான் மனம் நோவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. "உங்கடை காலத்து மூக்குக்கு முன்னாலை உந்தப் பெட்டி நிண்டு பிடிக்குமே சேர்?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு மனம் நோகவில்லை. இந்தக் கருவி பத்து வருடம் முந்தி வந்திருந்தால் என்று மட்டும் நினைத்தேன்.

அவர்தான் எங்கள் சங்கத்தின் மலருக்குக் கட்டுரை கேட்டவர். மூடப்பட்ட விமானத்தளம் ஒன்றைத் துப்புரவு செய்த அனுபவத்தை நான் எழுத வேண்டும், 'வெற்றிக் கதைகள்' என்ற பகுதியில் அது வரும் என்றார். ஒப்புக்கொண்டு எழுதவும் தொடங்கினேன். ஒரு பக்கம் தாண்டியபோது, "மழைக்கு முன்னர் சுத்தமாக இருந்த ஒரு கிணற்றில்" என்று என் கை எழுதிற்று. அந்த வரி பொய். வருடக்கணக்காக அதை நான் வாயால் சொல்லி வந்திருக்கிறேன். எழுத்தில் பார்த்தபோது அதற்கு மேல் எழுத முடியவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் விருப்பம்.

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அங்குள்ளவர்கள் இனியும் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்ற வேண்டும், பிள்ளைகளுக்குக் கலியாணம் பேச வேண்டும். 'எண்ணெய்த் தண்ணி ஊர்' என்ற பெயர் அவர்களுக்கு ஏற்கெனவே போதுமான அளவு கிடைத்துவிட்டது. வலிகாமத்தின் வடக்குப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் இரசாயனம் படித்தவன். தெற்கே பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்து, சில காலம் ஆசிரியராக இருந்து, பிறகு நீர்ப் பரிசோதனைப் பகுதியில் சேர்ந்தேன். யுத்த காலம் முழுவதும் குடாநாட்டில்தான் இருந்தேன். அப்போது எங்கள் வேலை குளோரீன் போடுவதும் வாந்திபேதி பரவாமல் பார்ப்பதும்தான். விமான எரிபொருளைப் பற்றி அதுவரை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. படிப்பித்தவர் ரணவீர என்ற என் மேலதிகாரி. அவர் யுத்தம் முடிந்து பல வருடங்கள் கழித்து, அந்தத் தளத்தை மூடிக் காணிகளைத் திருப்பிக் கொடுக்க முடிவெடுத்தபோது எங்களிடம் வந்தார்.

தளம் பெரியதல்ல. ஒரு ஓடுபாதை, சில கொட்டகைகள், எரிபொருள் தாங்கிகள் நின்ற ஒரு முற்றம். கண்ணிவெடி அகற்றுபவர்கள் முதலில் போய்க் கயிறு கட்டி வழி விட்டார்கள். அந்த வழியில் நாங்கள் போனோம். ஓடுபாதை வெடிப்புகளில் நாயுருவி இடுப்பளவுக்கு நின்றது. எரிபொருள் முற்றத்தில் மட்டும் புல்கூட இல்லை. மண் கறுத்து, மிதித்தால் சப்பாத்தில் ஒட்டியது. ஒரு மூலையில் கழிவு எண்ணெயை ஊற்றிய குழி. குழிக்கு அடியில் சுண்ணாம்புக் கல், கல்லில் பொந்து. ஊற்றியது எல்லாம் அந்தப் பொந்தால் இறங்கியிருந்தது.

எங்கள் குடாநாட்டில் ஆறு இல்லை. பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற கடல்நீரின் மேல் மிதக்கிறது. அந்த மிதக்கிற நல்ல தண்ணீரை நம்பித்தான் கிணறும் தோட்டமும் நாங்களும் இருக்கிறோம். இப்போது அதன் மேல் எண்ணெய் மிதந்தது. அடியில் உப்பு, மேலே எண்ணெய், இடையில் குடிதண்ணீர். எண்ணெயை எடுக்கப் போய் உப்பை ஏற்றிவிடக் கூடாது. அந்தத் துப்புரவின் முழுச் சிக்கலும் இதுதான்.

ரணவீர மாத்தறைப் பக்கத்தைச் சேர்ந்தவர். தமிழைப் புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவர். ஆகவே அச்சடித்தது போலத்தான் பேசுவார். முதல் வாரம் ஒரு வளவுக்குப் போய், "ஐயா, இந்தக் கிணற்றை இறுதியாக எப்பொழுது இறைத்தீர்கள்?" என்று கேட்டார். வீட்டுக்காரக் கிழவர் கையைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "செய்தி முடிஞ்சால் வானிலையையும் ஒருக்காச் சொல்லிப்போடு தம்பி" என்றார். நாங்கள் சிரிப்பை அடக்கினோம். ரணவீர வானத்தை அண்ணாந்து பார்த்து, "இன்று மழை பெய்யாது" என்றார். அதன் பிறகு அந்த ஒழுங்கையின் வீடுகள் முழுவதிலும் அவருக்கு 'செய்தி ஐயா' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அது அவருக்கும் தெரியும்.

அவருடைய முறையை இங்கே எழுத வேண்டும். அதை நான் முறையாகப் படித்துக்கொண்டவன் என்பது தெரிந்தால்தான் பின்னால் நான் செய்தது என்ன என்று புரியும்.

மாதிரி எடுக்கப் போகிற நாளில் வாகனத்துக்கு எரிபொருள் அடிக்க விடமாட்டார். முதல் நாளே அடித்துவிட வேண்டும், கையில் ஒட்டிய எரிபொருள் மாதிரியைக் கெடுத்துவிடும் என்பார். கிணற்றடிக்குப் போனதும் வாளியைத் தொட விடமாட்டார். முதலில் கேள்வி. எப்போது இறைத்தது, எதனால் இறைத்தது, யார் இறைத்தது, மழை எப்போது பெய்தது. கேள்வி முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சவரக் கண்ணாடியை எடுத்து, வெயிலைப் பிடித்துக் கிணற்றுக்குள் விடுவார். அந்த ஒளிவட்டம் தண்ணீரின் மேல் ஓரம் ஓரமாக ஊர்ந்து போகும். எண்ணெய் இருந்தால் அந்த வட்டத்துக்குள் நிறம் தெரியும். பிறகு கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கயிற்றில் கட்டி, தண்ணீர் அசையாமல் இறக்கி, மேற்பரப்பை மட்டும் எடுப்பார். ஆழத்தில் எடுப்பது அதற்குப் பிறகுதான். எண்ணெய் மிதக்கிற பொருள், மேலே இருப்பதை விட்டுவிட்டுக் கீழே தேடக் கூடாது என்பார். புதிதாக இறைத்த கிணற்றில் மாதிரி எடுக்கவே மாட்டார். இறைத்தால் மேலே மிதந்தது இறைப்போடு போய்விடும். ஊறி வருவது புதுத் தண்ணீர். "அது கிணற்றின் முகம் அல்ல, முகம் கழுவிய தண்ணீர்" என்று சொல்வார். கிணறு ஆறி அடங்கும்வரை விட்டு, மறுபடியும் வரச் சொல்வார்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தலைநகரிலிருந்து ஒரு ஆலோசகர் வந்து, பெரிய பம்புகளைப் பூட்டி ஓயாமல் இறைத்தால் எண்ணெய் முழுவதும் விரைவில் ஏறிவிடும் என்று படம் போட்டுக் காட்டினார். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். ரணவீர என் பக்கம் திரும்பி, "உங்கள் ஊரில் வெங்காயத்துக்கு அளவுக்கு மீறி இறைத்தால் என்ன நிகழும்?" என்று கேட்டார். "உவர் ஏறும் சேர்" என்றேன். "அதை இவருக்கு ஆங்கிலத்தில் சொல்லுங்கள்." சொன்னேன். பம்புகள் வரவில்லை. எண்ணெயை மேலால் வழித்தெடுத்தோம். கெட்ட மண்ணைத் தோண்டி, தார்ப்பாய் விரித்துப் பரப்பி, எருவும் வைக்கோலும் கலந்து, நனைத்து, புரட்டிப் புரட்டி விட்டோம். நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்ன வேண்டும். வேலியால் எட்டிப் பார்த்தவர்கள், "மாட்டெரு போட்டு என்ன பயிர் வைக்கப்போறியள்? பிளேன் முளைக்குமோ?" என்று கேட்டார்கள்.

அந்த நாட்களில் நான் என் தொழிலில் பெருமையாக இருந்தேன். இனி பரமேஸ்வரியின் கிணற்றுக்கு வருகிறேன்.

பரமேஸ்வரி கணவனை இழந்தவர். தளத்துக்காகக் காணி போனபோது அவருக்கு இளம் வயது, கையில் ஒரு மகள். சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு முகாமில் இருந்து, பிறர் தோட்டத்தில் வெங்காயம் கட்டி அந்தப் பிள்ளையை வளர்த்துப் பருத்தித்துறையில் கலியாணம் செய்து கொடுத்தார். காணி திரும்பக் கிடைத்தபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் நின்றது. கிணறு இருந்தது. எரிபொருள் முற்றத்தின் தெற்கு வேலிக்கு அடுத்த வளவு அது.

ஆனி மாதக் கடைசி. ரணவீர கூட்டத்துக்குத் தலைநகர் போயிருந்தார், நான் தனியே போனேன். வளவில் தகரக் கொட்டில் போட்டு, முன்னால் பந்தலும் போட்டிருந்தார்கள். பரமேஸ்வரியின் தம்பி தவம் ஏணியில் நின்று பந்தலுக்கு மின்குமிழ் மாலை கட்டிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கியும் விளக்கும் வாடகைக்கு விடுவது அவன் தொழில். பாட்டு ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது.

"வாங்கோ ஐயா, வாங்கோ. டேய் தவம், உதைக் குறை. ஐயா கதைக்கிறது கேக்கேல்லை" என்று பரமேஸ்வரி ஓடி வந்தார். என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். "நீங்கள் வாறியள் எண்டு நேற்றே இறைப்பிச்சுப் போட்டன். அதுக்குள்ளை என்ன இல்லை! பழைய வாளி, துலாக்கயிறு, தகரம். எல்லாம் தூக்கியாச்சு. பாருங்கோ, அடிக்கல்லுத் தெரியுது."

தெரிந்தது. அப்படி ஒரு தெளிவு. எங்கள் ஊர் ஆட்கள் வேறு விதமாகச் செய்யமாட்டார்கள். பெரியவர் ஒருவர் கிணற்றைப் பார்க்க வருகிறார் என்றால், அழுக்குக் கோப்பையில் தேத்தண்ணீர் கொடுப்பார்களா?

"மெசின் வைச்சோ இறைச்சது?" என்று கேட்டேன்.

"ஓம் ஐயா, மெசின்தான். தம்பிதான் ஆக்களைக் கொண்டு செய்விச்சவன். நான் முகாமிலை சாமான் கட்டிக்கொண்டு நிண்டனான்."

ரணவீர இருந்திருந்தால் அந்த இடத்திலேயே திரும்பியிருப்பார். கிணறு ஆறட்டும், பிறகு வருகிறோம் என்றிருப்பார். நானும் அதைச் சொல்ல வாயெடுத்தேன். "கொஞ்ச நாள் விட்டிட்டு..." என்று தொடங்கியபோதே அவர் முகம் மாறியது.

"ஐயா, நாளைக்குச் சுபநேரம் வைச்சாச்சு. விட்டால் ஆடி பிறந்திடும். பிறகு பால் காய்ச்சேலாது. மகளுக்கு இது முதல் பிள்ளை. ஆவணியிலை கூட்டிக்கொண்டு வரவேணும். அவள் பெறுகிற பிள்ளையை இந்த வளவிலைதான் முதல் குளிப்பாட்ட வேணும் எண்டு நான் முகாமிலை இருந்து எத்தினை வருசம் நினைச்சனான்."

நான் ஒரு வாளி அள்ளி மணந்தேன். மண்ணெண்ணெய் மணந்தது. மெல்லியதாகத்தான், ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல் மணந்தது.

இங்கே எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டக் கிணறுகளில் தண்ணீர் இறைக்கிற மெசினை நாங்கள் பெற்றோலில் இழுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டி வளர்ந்தவர்கள். யுத்தத்தில் பெற்றோல் இல்லாதபோது மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடிற்று. அடுப்பும் விளக்கும் அதில்தான். இறைத்த கிணறு என்றால் இரண்டொரு நாள் அந்த மணம் இருக்கும். சிறு வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறோம், குளித்திருக்கிறோம். எனக்கு அது மாசின் மணமாகப் படவில்லை. தோட்டத்தின் மணமாகப் பட்டது. விமான எரிபொருள் என்பதும் ஏறத்தாழ மண்ணெண்ணெய்தான் என்பதை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருந்தேன். அதை அந்த நேரம் என் மூக்கு நினைக்கவில்லை. அல்லது, நினைக்க நான் விடவில்லை. இரண்டில் எது என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

"மணக்குதோ ஐயா?" என்று பரமேஸ்வரி கேட்டார்.

"மெசின் மணம். ரெண்டு மூண்டு நாளிலை போயிடும்."

"அப்ப நாளைக்குப் பால் காய்ச்சலாமோ?"

"காய்ச்சுங்கோ."

அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு அதிகாரமே இல்லை. ஆய்வு முடிவு வரும்வரை யாரும் சொல்லக் கூடாது. ஆனால் சொல்லியபோது அவர் இரண்டு கையையும் கூப்பினார். நான் ஒரு நல்ல மனிதனைப் போல உணர்ந்தேன். போத்தல்களை நிரப்பிக்கொண்டேன். அந்தத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணீரையும் குடித்துவிட்டு வந்தேன். ஆய்வு முடிவு சுத்தம் என்றே வந்தது. இறைத்த கிணற்றில் அள்ளிய புதுத் தண்ணீர் வேறெப்படி வரும்? தவறிய முறைக்கு அது மேலால் ஒரு பூச்சுப் பூசிவிட்டது. ரணவீர திரும்பி வந்து கேட்டபோது, "பிரச்சினை இல்லை சேர்" என்றேன். இறைத்த கதையைச் சொல்லவில்லை.

ஐப்பசி மழை அந்த வருடம் விடாமல் பெய்தது. நீர்மட்டம் ஏறும்போது, பொந்துகளில் தேங்கி நின்ற எண்ணெயையும் தூக்கிக்கொண்டு வரும். தவம் அலுவலகத்துக்கு வந்து, "கிணத்திலை மயில் தோகை விரிச்ச மாதிரிக் கிடக்கு. அக்கா உடனை வரட்டாம்" என்றான். ரணவீரவும் நானும் போனோம்.

மழை தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெயில் இல்லை, தேவைப்படவும் இல்லை. வெறும் கண்ணுக்கே நிறம் தெரிந்தது. ரணவீர குழாயை இறக்கி எடுத்து உயர்த்திப் பிடித்தார். தண்ணீரின் மேல் விரல் தடிப்புக்கு எண்ணெய் நின்றது. பரமேஸ்வரி தலையில் ஒரு பொலித்தீன் பையைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"மழைக்கு முன்னம் கண்ணாடி மாதிரித் தண்ணி ஐயா" என்று ரணவீரவிடம் சொன்னார். "இந்த ஐயாவே சாட்சி. மணந்து பாத்துச் சொன்னவர்."

ரணவீர, "அப்பொழுது மணம் எதுவும் இருக்கவில்லையா?" என்றார்.

"மெசின் மணம் கொஞ்சம் இருந்தது. அது பிறகு போட்டுது. என்ரை மகள்தான் மணக்குது, மணக்குது எண்டு நிண்டவள். ஆவணியிலை வந்தவள். இந்தத் தண்ணியை வாயிலை வைச்சால் சத்தி. பிள்ளைத்தாச்சிக்கு எதுதான் மணக்காது? ஐயாவே சொல்லிப்போட்டார், உனக்கென்னடி எண்டு நான் ஏசினன். அவள் கடையிலை தண்ணிப் போத்தல் வாங்கிக்கொண்டு வந்து என்ரை முன்னாலை குடிச்சாள். பிறந்த வளவின்ரை தண்ணி ஆகாது, கடைத்தண்ணி ஆகுமோ? அது சாட்டு ஐயா. உவளுக்கு இந்தத் தகரக் கொட்டிலிலை இருந்து பிள்ளை பெற வெக்கம். நேரை சொல்லிப்போட்டன். புரட்டாதியிலை சண்டை பிடிச்சுக்கொண்டு புருசன் வீட்டை போட்டாள்."

ரணவீர குழாயைக் கீழே வைத்தார். "அம்மா, இக்கிணற்றை எந்த இயந்திரத்தால் இறைத்தீர்கள்?"

"அது தம்பிக்குத்தான் தெரியும்."

தவம் முன்னால் வந்தான். அவனுக்குப் பெருமை. "என்ரை சாமான்தான் சேர். சின்னக் கரண்ட் மோட்டர். கிணத்துக்குள்ளை இறக்கிறது. ஒழுங்கை முகப்பிலை ஜெனரேற்றரை வைச்சு வயர் இழுத்தனான். பாட்டுக்குப் போடுற ஜெனரேற்றர், பெற்றோலிலை ஓடுறது."

"மண்ணெண்ணெய்?"

"மண்ணெண்ணெய் என்னத்துக்கு சேர்? ஒரு துளியும் இந்த வளவுக்குள்ளை வரேல்லை."

ரணவீர என்னைப் பார்க்கவில்லை. அதை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அவர் பார்த்திருந்தால் பரமேஸ்வரிக்கு விளங்கியிருக்கும். அவர் குனிந்து, போத்தல் மூடிகளை ஒன்று ஒன்றாகத் திருகி இறுக்கினார்.

மெசினா என்று கேட்ட நான், எந்த மெசின் என்று கேட்கவில்லை. ஒரு சொல் கூடுதலாகக் கேட்டிருந்தால் போதும். ஏணியில் நின்ற தவத்தைக் கூப்பிட்டால் போதும்.

வாகனத்தில் திரும்பினோம். ரணவீர சொன்னார்: "எங்கள் ஊரில் கிணற்றில் மண்ணெண்ணெய் மணந்தால் பொலிசைக் கூப்பிடுவார்கள். நான் உங்கள் ஊரில் பிறந்திருந்தால் ஒருவேளை நானும் இந்தத் தவறைச் செய்திருப்பேன். ஆனால் இறைத்த கிணறு என்பதை என்னிடம் மறைத்தீர்கள். அது ஊரினால் வந்த தவறு அல்ல."

"ஓம் சேர்."

"அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். அந்த மகள் பொய் சொல்லவில்லை. நான் சொல்லவா, நீங்கள் சொல்கிறீர்களா?"

"நான் சொல்லுறன் சேர்."

முதல் மாதிரி செல்லாது என்று அலுவலகத்தில் அவரே திருத்தினார். என்னைத் தண்டிக்கவில்லை. சில வாரங்களுக்குப் பின் ஒரு முறை மட்டும் கேட்டார்: "சொன்னீர்களா?" நான், "சொன்னேன்" என்றேன். அவர் நம்பினார். ஓய்வு பெற்று ஊருக்குப் போகிற நாளில், "அந்தத் தாயும் மகளும் இப்போது சேர்ந்துவிட்டார்களா?" என்று விசாரித்தார். "ஓம் சேர்" என்றேன். அவர் இப்போது உயிரோடு இல்லை.

ஏன் சொல்லவில்லை? முதலில் பயம். வேலை போய்விடும், பத்திரிகையில் வரும் என்ற பயம். அது கொஞ்ச நாளில் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பரமேஸ்வரி எனக்குக் காட்டிய மரியாதைதான் என் வாயை அடைத்தது. அவருடைய கிணற்றை மூடி, பவுசர் வண்டியில் தண்ணீர் கொடுத்தோம். எண்ணெய் வழித்தெடுக்க நான் கிழமைதோறும் போனேன், போகத் தேவையில்லாத நாட்களிலும் போனேன். பிராயச்சித்தம் என்று எனக்குள் வைத்துக்கொண்டேன். அவரோ, தன் கிணற்றுக்காக இவ்வளவு பாடுபடுகிற மனிதர் என்று நினைத்தார். பிறகு ஒரு மாரிக்கும் பிறகு அடுத்த மாரிக்கும் எண்ணெய் மேலே வரவில்லை. கிணற்றை முறைப்படி, ஆறவிட்டு, மேலால் எடுத்துப் பார்த்து, திறந்து கொடுத்தோம். முதல் விளைந்த வெங்காயத்தில் ஒரு பிடியை என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அதை என் மனைவி சமைத்தாள், நான் சாப்பிட்டேன்.

அந்தச் சில மாதங்களில் அவர்கள் குடித்த தண்ணீர் உடம்புக்கு என்ன செய்தது என்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் சொல்ல முடியாது. வாசுகிக்குப் பிறந்த பெண் குழந்தை நன்றாக இருக்கிறது. வாசுகிதான் அந்த மகள். அவள் அந்தத் தண்ணீரைக் குடிக்க மறுத்ததனால்தான் குழந்தை நன்றாக இருக்கிறது என்று நான் சில இரவுகளில் நினைத்ததுண்டு. அப்படி நினைப்பது விஞ்ஞானம் அல்ல. ஆனால் அவள் மறுத்தது சரி, நான் சொன்னது பிழை என்பது விஞ்ஞானம்தான்.

போன மாதம், அந்த மலர்க் கட்டுரையைக் கிழித்த மறுநாள், பரமேஸ்வரியின் வீட்டுக்குப் போனேன். கல்வீடு கட்டியிருக்கிறார். முற்றத்தில் சாக்கை விரித்து இருந்து வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா, இந்த வெய்யிலுக்குள்ளை? இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

"வேண்டாம். முதலிலை நான் சொல்ல வந்ததைக் கேளுங்கோ."

எல்லாவற்றையும் சொன்னேன். இறைத்த கிணற்றில் மாதிரி எடுக்கக் கூடாது என்பது, எனக்கு அது தெரிந்திருந்தது, எந்த மெசின் என்று கேட்காதது, மணம் எண்ணெயின் மணம்தான் என்பது, அதை மழைநாளில் தவம் சொன்னபோதே நான் விளங்கிக்கொண்டது, ரணவீரவுக்குச் சொன்ன பொய்கள். அவர் கை நிற்கவில்லை. நாரை எடுத்தார், சுற்றினார், முடிந்தார், அடுத்த பிடியை எடுத்தார். நான் முடித்த பிறகும் இரண்டு பிடி கட்டினார்.

"அப்ப அவள் சொன்னது உண்மையே?"

"உண்மை."

"மசக்கை இல்லை?"

"இல்லை. அவ மணந்தது சரி."

"செய்தி ஐயாவுக்கும் தெரியுமோ?"

"தெரியும். நான் உங்களிட்டைச் சொல்லிப்போட்டன் எண்டு அவர் நம்பினவர்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பிள்ளையின்ரை முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிவுக்குப் பருத்தித்துறைக்குப் போனனான் ஐயா. அவளின்ரை மாமி தேத்தண்ணி தந்தா. விருந்தாளி மாதிரிக் கதிரையிலை இருந்து குடிச்சிட்டு, பிள்ளையை மடியிலை வைச்சிருந்திட்டுத் திருப்பிக் குடுத்திட்டு வந்தனான். அதுக்குப் பிறகு நல்லநாள் பெருநாளுக்குத்தான் கதை. அவள் இந்த வளவுக்குள்ளை வந்து தண்ணி குடிக்கிறேல்லை. இப்பவும் போத்தல்தான் கொண்டு வாறவள். அது திமிர் எண்டுதான் நான் ஊர் முழுக்கச் சொன்னனான். உங்கடை பேரைச் சொல்லித்தான் சொன்னனான்."

"தெரியும். அதுக்குத்தான் வந்தனான். என்னை மன்னிக்க வேணும் எண்டு கேக்கேல்லை..."

"கேக்காதேங்கோ" என்றார். குரலை உயர்த்தவில்லை. "என்னட்டைச் சொன்னால் உங்களுக்குப் பாரம் இறங்கும். எனக்கென்ன? பொய்காரி எண்ட பேர் வாங்கினவள் அவள். அவளுக்குச் சொல்லுங்கோ."

எழுந்து உள்ளே போய் போனை எடுத்து வந்தார். நம்பரை அழுத்தி, தன் காதில் வைக்காமல் நேரே என்னிடம் நீட்டினார். மறுமுனையில், "என்னம்மா, இந்த நேரத்திலை? ஆருக்கும் ஏதுமோ?" என்று பதறிய குரல் கேட்டது.

நான் யார் என்று சொன்னேன். தண்ணீரைச் சோதித்தவர் என்றேன். தாயிடம் சொன்னதை அவளுக்கும் சொன்னேன்.  பின்னால் எங்கோ ஒரு சிறுமி பெருக்கல் வாய்ப்பாடு பாடமாக்குவது கேட்டுக்கொண்டிருந்தது.

"நீங்கள் சொன்னது சரி பிள்ளை. நான் சொன்னதுதான் பிழை" என்று முடித்தேன்.

"அது எனக்குத் தெரியும்தானே" என்றாள் வாசுகி. "மணந்தவள் நான். நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேணுமே?"

நான் பரமேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தேன். 

"அம்மா பக்கத்திலை நிக்கிறாவோ?"

"நிக்கிறா."

"குடுங்கோ."

கொடுத்தேன். பரமேஸ்வரி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெங்காயக் குவியலுக்கு முன்னால் நின்றார். மகள் என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்கும்போது அவர் குரல் மட்டும் வந்தது. இவ்வளவு காலத்தில் நான் கேட்டிராத, மெல்லிய குரல்.

"ஓம் பிள்ளை," என்றார். "நீ சொல்லேக்கை எனக்கும் மணந்ததுதான்."